சாந்தோம் பேராலயத்தில் விருந்தினராக: செட்டிநாட்டிலிருந்து சென்று வந்த அனுபவம்

எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் உறவினர்கள் பலர், மயிலாப்பூர்க் கடலோரத்திலுள்ள கத்தோலிக்கக் கோயிலான சாந்தோம் பேராலயத்தை, மெரினாவுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் பார்க்கும் இடமாகவே வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று வெள்ளைக் கோபுரத்துடன் ஒரு படம், உள்ளே பீடத்தின் முன்னால் ஒரு படம், பிறகு கடற்கரை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் வழிபாடு நடந்துவரும் கோயிலை இவ்வாறு பார்த்துவிட்டு வருவது வீண் என்பதோடு, செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பொருந்தாத செயல் என்றும் நான் கருதுகிறேன். பிறர் வந்து பார்க்கும் வீட்டிலும் கோயிலிலும் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை நாம் நாள்தோறும் அறிந்துவருகிறோம்.

யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் இடம்பெற்றன. அதற்கு முன்பிருந்தே மார்கழி, தை மாதங்களில் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பயணிகளின் கூட்டத்தைக் காணலாம். எங்கள் பூர்வீக வீட்டையும் கேட்டு வருபவர்களுக்குத் திறந்து காட்டுவோம். முகப்பில் நின்று குரல் கொடுத்து, உள்ளே வரலாமா என்று கேட்டு, வளவு என்னும் திறந்த முற்றத்தின் ஓரமாக நடந்து, சாமி வீடு என்னும் பூசை அறையின் முன்னே தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்கள் உண்டு. முன்னோருக்குப் படைப்பு நடந்துகொண்டிருக்கையில், இலை போட்டு அனைவரும் விழுந்து கும்பிடும் நேரத்தில், நேராகப் பட்டாலை என்னும் உள்கூடம் வரை நடந்துவந்து கைப்பேசியை நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் தீய எண்ணம் எதுவும் இருந்ததில்லை. தாம் பார்ப்பது கட்டடத்தை மட்டுமே என்று நினைத்திருந்தார்கள். ஆத்தாவையும் (அம்மா) அப்பச்சியையும் (அப்பா) அழைத்துக்கொண்டு சாந்தோம் செல்லத் திட்டமிட்டபோது, முதல் வகையினரைப் போல நடந்துகொள்வது என்று நாங்கள் மூவரும் பேசி முடிவுசெய்துகொண்டோம்.

எந்த நேரத்தில் செல்வது என்பதில் சிறிது கவனம் வேண்டும். காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டியில் சென்றால் நண்பகலை ஒட்டிச் சென்னையை அடையலாம். அந்நேரத்தில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பார்கள். பேராலயமோ பகல் முழுவதும் திறந்திருப்பது. ஆகவே மதிய உணவை முடித்துக்கொண்டு முதலில் சாந்தோம், வெயில் தாழ்ந்தபின் கபாலி கோயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பரபரப்பில்லாமல் பார்க்கலாம். இடையே ஆட்டோவில் சில நிமிடப் பயணம்தான். வார நாளின் பிற்பகல் மிக அமைதியான நேரம். ஞாயிறு காலையிலும், தோமையார் திருவிழாவான ஜூலை 3-ஐ ஒட்டிய நாள்களிலும், திருமணம் நடக்கும் நாள்களிலும் செல்வோருக்குக் கட்டடத்தைப் பார்க்க இடம் கிடைக்காது. ஆனால் கோயில் முழு உயிரோடு இருப்பதைப் பார்க்க விரும்புவோருக்கு அவையே உகந்த நாள்கள். வளாகத்தில் திருப்பலி என்னும் பூசை வழிபாட்டின் நேரங்கள் எழுதப்பட்டிருக்கும். முதலில் அதைப் படித்துவிட வேண்டும்.

செல்வதற்கு முன்னால் சிறிதளவு வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் உள்ளே அதை எடுத்துச்சொல்ல எப்போதும் ஆள் இருப்பதில்லை. இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான தோமையார் கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்தார் என்பதும், கி.பி. 72-இல் இன்றைய பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டு மயிலாப்பூர்க் கடலோரத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் கிறிஸ்தவ மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்கோ போலோ, புனிதரின் கல்லறையையும் அங்கு வரும் பயணிகளையும், அவர்கள் நோயாளிகளுக்குக் கொடுப்பதற்காகச் செம்மண்ணை எடுத்துச் செல்வதையும் குறிப்பிடுகிறார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் கல்லறையின்மீது ஒரு கோயிலைக் கட்டினர். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் (ஆயர் என்னும் பிஷப்பின் ஆளுகைப் பகுதி) உருவானபோது அது ஆயரின் பேராலயமாயிற்று. அந்தப் பழைய கட்டடத்தை அகற்றி, 1893-இல் தொடங்கி எழுப்பப்பட்ட இன்றைய கோயில் 1896 ஏப்ரல் முதல் நாளன்று அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்குப் புனிதப்படுத்தப்பட்டது. 1956-இல், திருத்தந்தை (போப்) சிறப்பாக வழங்கும் சிறு பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து வேண்டினார். திருத்தூதர் ஒருவரின் கல்லறைமீது எழுந்த பேராலயங்களாக ரோமின் புனித பேதுரு, ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா ஆகியவற்றோடு சாந்தோமையும் சேர்த்துச் சொல்வதில் இங்குள்ள கத்தோலிக்கருக்குத் தனிப் பெருமை உண்டு.

1893 என்ற ஆண்டைக் கேட்டதும் அப்பச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருளைக்கொண்டு எழும்பிய காலமும் அதுவே. ஆகையால் கோயிலுக்குள் நுழையும்போதே, தம் தாத்தா காலத்துக் கொத்தர்களும் ஆசாரிகளும் வேலை செய்த தலைமுறையின் கட்டடத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. எந்த வரலாற்றுக் கட்டடத்தைப் பார்க்கப் போனாலும், அது கட்டப்பட்டபோது நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டால், ஆண்டுகள் வெறும் எண்களாக நிற்பதில்லை.

உள்ளே சென்றதும் முதலில் செய்ய வேண்டியது, பின்வரிசையில் ஓர் இருக்கையில் அமர்வது. சாந்தோம் சாலை வெயிலிலிருந்து நுழைபவரின் கண்ணுக்கு உட்புறம் இருட்டாகவே தெரியும். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒளி மெல்ல வரத் தொடங்கும். முதலில் வண்ணக் கண்ணாடிகள், அடுத்து வெண்ணிறத் தூண்கள், கடைசியாக உயரத்தில் கூரையின் வேலைப்பாடு என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் நேராகப் பீடத்தை நோக்கி நடப்பவர் பேராலயத்தில் பாதியைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அமர்ந்திருந்தபோது கவனித்த இன்னொன்று, இங்கே கண் மேலே போகும்படியாகவே எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது என்பது. இந்தக் கோயில் பின்பற்றும் கோதிக் என்னும் ஐரோப்பியக் கட்டடக்கலையின் அடிப்படை கூர்முனை வளைவு. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். கூர்வளைவு அதைப் பெருமளவு கீழ்நோக்கி இறக்கிவிடும். எஞ்சிய தள்ளுதலைச் சுவரின் வெளிப்புறத்தில் இடைவெளி விட்டு நிற்கும் முட்டுச்சுவர்கள் தாங்கிக்கொள்ளும். ஆகையால் அவற்றுக்கு நடுவே உள்ள சுவரில் உயரமான சாளரங்களைத் தாராளமாகத் திறக்க முடிகிறது. வெளியே வந்தபின் கட்டடத்தை ஒருமுறை சுற்றி நடந்து இந்த முட்டுச்சுவர்களைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

எங்கள் வீடுகளில் நிலைமை நேர்மாறானது. தடித்த சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் தடுக்க, வானத்தை நோக்கித் திறந்த வளவின் நடுவிலிருந்து வெளிச்சம் கீழே இறங்கிப் பட்டாலைக்குப் பரவுகிறது. இங்கே வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, வண்ணமேறி, கதையோடு வருகிறது. பீடத்தின் பின்னே உள்ள பெரிய வண்ணக் கண்ணாடியில், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்து ஐயம் நீங்கும் தோமையாரைக் காணலாம். அது ஜெர்மனியின் மியூனிக் நகரில் செய்யப்பட்டது. நிலைக்கதவுகளுக்கு மேலே பிறைவடிவில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பதித்த கண்ணாடிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த நிறங்கள் அந்நியமானவை அல்ல. அந்த நிறங்களைக்கொண்டு ஒரு நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்லலாம் என்பதுதான் புதியதாக இருந்தது.

ஆத்தாவின் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று. பீடத்தில் இயேசுவின் திருவுருவம் தாமரையின்மீது நிற்க, இருபுறமும் மயில்கள் இருக்கின்றன. "மயிலும் தாமரையும் இங்கேயும் இருக்கே!" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயிலையின் மண்ணில் நிற்கும் கோயில், அந்த மண்ணின் பறவையையும் மலரையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய வடிவிலுள்ள கட்டடம் என்று மட்டும் எண்ணிக்கொண்டு செல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அருகே மயிலை மாதாவுக்குத் தனி இடம் உண்டு. சுமார் மூன்றடி உயரமுள்ள அந்த மரச் சுரூபம் 1543-இல் போர்த்துக்கலிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும், 1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அதன் முன்னே வேண்டினார் என்றும் கூறப்படுகிறது. பட்டுப் புடவை சாத்தி, மாலையிட்டு, அதன் முன்னே பெண்கள் நின்று வேண்டுவதைப் பார்க்கும்போது அங்கே நமக்கு விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

நாங்கள் அமர்ந்திருக்கையிலேயே திருப்பலி தொடங்கிற்று. எழுந்து போய்விடலாமா என்று அப்பச்சி கண்ணால் கேட்டார். பின்வரிசையில் இருந்தபடியால் இருந்துவிட முடிவுசெய்தோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிற சமயத்தவருக்கு ஐயங்கள் எழுவது இங்கேதான். திருப்பலியில் யாரும் அமர்ந்து கலந்துகொள்ளலாம், தடுப்பாரில்லை. மற்றவர் எழுந்து நிற்கும்போது நாமும் எழுவது மரியாதை. முழந்தாளிடும்போது அமைதியாக அமர்ந்திருக்கலாம். இருக்கைக்கு முன்னே தாழ்வாக இருக்கும் பலகை முழந்தாளிடுவதற்கானது. அதன்மீது செருப்புக்காலையோ பையையோ வைக்கக் கூடாது. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தால் நாமும் கழற்றிவிட வேண்டும். தொடங்கிய வழிபாட்டிலிருந்து நடுவே வெளியேற நேர்ந்தால், பாடல் நடக்கும்போது ஓர வழியாகச் செல்வது யாருக்கும் இடையூறாகாது. வழிபாடு நடக்கும் நேரத்தில் படம் எடுப்பதும் பக்கவாட்டில் நடந்து சுரூபங்களைப் பார்ப்பதும் கூடாது.

ஓரிடத்தில் அனைவரும் எழுந்து வரிசையாக முன்னே சென்றார்கள். "எல்லாரும் எந்திரிச்சுப் போறாகளே, பிரசாதம் குடுக்குறாகளா? நாமளும் போவமா?" என்று ஆத்தா கேட்டார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி புன்னகையோடு, "அது நன்மைம்மா. ஞானஸ்நானம் வாங்கி, முதல் நன்மை எடுத்தவங்க மட்டும் போவாங்க. நீங்க இங்கேயே இருந்து கும்பிட்டுக்குங்க" என்றார். கோயில் என்றால் திருநீறும் குங்குமமும் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு வந்து பழகிய நமக்கு அந்த வரிசையில் சேரத் தோன்றுவது இயல்பு. ஆனால் அவர்களுக்கு அது கிறிஸ்துவின் திருவுடல். தக்க தயாரிப்போடு பெறுவது. அதைத் தெரிந்துகொண்டு இருக்கையிலேயே இருப்பதுதான் அவர்களுக்கு நாம் தரும் மரியாதை. ஆத்தா கைகூப்பியபடி இருந்தார்கள். வழிபாடு முடிந்தபின் அந்தப் பெண்மணியே, திருத்தூதரின் கல்லறைக்குப் போகும் வழியையும் காட்டினார்.

கல்லறைக்குப் பேராலயத்தின் உள்ளிருந்து செல்வதில்லை. 2004-ஆம் ஆண்டுச் சீரமைப்பின்போது, வழிபடுவோருக்குப் பயணிகளால் இடையூறு நேராதவாறு வெளியே தனி வாசல் அமைத்துவிட்டார்கள். பின்புறமாகச் சென்று, சிறிய அருங்காட்சியகத்தின் வழியாகப் படியிறங்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வருவோரையும் வாழ்வோரையும் ஒரே வாசலில் மோதவிடாமல் இருவருக்கும் இடம் கொடுக்கும் இத்தகைய முறையை நம் ஊர்ப் பெரிய வீடுகளிலும் கோயில்களிலும் யோசிக்கலாம். நிலவறைச் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குள் புனிதரின் சயனத் திருவுருவம் இருக்கிறது. இங்கே பேச்சு முற்றிலும் கூடாது. நாங்கள் சென்றபோது ஒரு குடும்பம் தரையில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது; அவர்கள் முடிக்கும்வரை படியிலேயே நின்றுவிட்டு இறங்கினோம். மேலே வந்தபின் அண்ணாந்து பார்த்தால் பேராலயத்துக்கு இரண்டு கூரிய கோபுரங்கள் இருப்பது புலப்படும். உயரமானது 155 அடி; சிறியது கல்லறை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே அடையாளமாக நிற்கிறது. முதலில் கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் இது விளங்காது. கல்லறையைக் கண்டபின் பார்த்தால் உடனே விளங்கும்.

பின்புறத்தில் கடலை நோக்கி ஒரு கம்பம் நிற்கிறது. தோமையார் நட்டது, கடல் அதைத் தாண்டி வராது என்பது நம்பிக்கை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போதும் அந்த நம்பிக்கை மெய்யானது என்று அங்கிருந்த முதியவர் ஒருவர் கண்கள் கலங்கச் சொன்னார். அப்பச்சி அவருடைய கையைப் பற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மண்ணின் இன்னொரு பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்து, இன்றுள்ள கோயில் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்றும் வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். பேராலய வளாகத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் சென்றோம். இதனால் பேராலயத்தின்மீது எங்களுக்கு மதிப்புக் குறையவில்லை. ஒரே நாளில் இரண்டு கோயில்களையும் பார்ப்பதால், ஐந்து நூற்றாண்டு காலத்தில் ஒரு கடற்கரை ஊர் கண்ட இழப்பும் மீட்பும் தெளிவாகத் தெரிகின்றன. இவற்றைப் பற்றி விவாதிப்பதற்கு வேறு இடங்கள் உள்ளன. கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் நின்று உரத்துப் பேசுவது அறமாகாது.

கோயில்பிள்ளையிடம், அதாவது கோயிலைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரிடம், பேசிப் பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். அவர் வேலையாக இருக்கும்போது குறுக்கிடாமல், ஓய்ந்தபின் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். ‘இது எவ்வளவு பழையது’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, நமக்குத் தெரிந்த ஒன்றைக்கொண்டு கேட்பது நல்ல பலனைத் தருகிறது. சுவரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அப்பச்சி கேட்டார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்களைப் பற்றி இவர் சொல்ல, கடற்காற்றின் உப்பு பூச்சை அரிப்பதால் ஓயாமல் பராமரிக்க வேண்டியிருப்பதை அவர் சொல்ல, இருவரும் நெடுநாள் பழகியவர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டடத்தைக் காப்பவர்களுக்குள் ஒரு சொந்தம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதாலேயே உண்டியலில் மனமுவந்து ஏதேனும் இடுவது கடமை என்று கருதுகிறேன். இத்தனை உயரக் கூரையைப் பழுதுபார்க்க ஆகும் செலவு நம் வீட்டுக் கூரைகளைப் பராமரிப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

முதியவர்களுடன் செல்வோருக்குச் சில குறிப்புகள். கல்லறைச் சிற்றாலயத்துக்குப் படியிறங்கி ஏற வேண்டும், ஆகவே முழங்கால் வலி உள்ளவர்களைப் பேராலயத்துக்குள் நிம்மதியாக அமரவைத்துவிட்டு மற்றவர்கள் முறைவைத்துச் சென்று வரலாம். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து குடிக்க வேண்டும். சாந்தோம் நெடுஞ்சாலையில் வண்டிகள் விரைந்து செல்வதால், எதிர்ப்புறம் இறங்காமல் கோயில் வாசற்பக்கமே இறக்கிவிடச் சொல்ல வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். நம் வழக்கமான வேட்டியும் புடவையும் எங்கும் பொருந்தும்.

சென்னை வரை செல்ல இயலாதவர்களுக்கு எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் திருத்தலம் இருக்கிறது. மதுரை–இராமேசுவரம் சாலையில் மானாமதுரைக்கு முன்னால் பிரிந்து செல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்குள் பார்த்துவிடலாம். பிரான்சின் ரீம்ஸ் நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக்கொண்டு, பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பெர்டினான்ட் செல் அடிகளார் 1894-இல் இதைக் கட்டினார். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய ரீம்ஸ் பேராலயம் 1211-இல் தொடங்கப்பட்டுக் கல்லால் ஆனது. வைகைக் கரையில் அந்தக் கல்வேலையைச் செங்கல்லில் செய்ய வேண்டியிருந்தது. தூணின் வளைவுக்கு ஒன்று, சாளரத்தின் விளிம்புக்கு ஒன்று என, ஏறத்தாழ இருநூறு வகை அச்சுகளில் செங்கல்லும் ஓடும் வார்த்திருக்கிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கற்கள் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கப்படுவதைப் பார்த்தவர்கள், இந்தக் கோயிலின் சுவரை ஒரு முழத் தொலைவில் நின்று பார்த்தாலே மலைத்துப்போவார்கள்.

அங்கே செல்லும்போது வெளிச்சுவரைப் பார்ப்பதற்கே பாதி நேரத்தை ஒதுக்குங்கள். சாந்தோமில் வெண்பூச்சுக்குள் மறைந்திருக்கும் கூர்வளைவு, இங்கே ஒவ்வொரு கல்லாக எண்ணிப் பார்க்கும்படி சிவந்து வெளியே தெரிகிறது. சிற்றூர்க் கோயில் என்பதால் நகரத்துப் பேராலயத்தைப் போல எந்நேரமும் ஆள் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, திருவிழா இல்லாத வார நாளின் முற்பகலில் செல்வது நல்லது.